உதவி: மின்னோட்ட வரம்புச் சுற்றில் குமிழைத் திருப்பினாலும் எதுவும் மாறவில்லை

சுருள்கம்பி:
வணக்கம். ஆப்-ஆம்ப்பும் (இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐசி) டிரான்சிஸ்டரும் வைத்து, 0 முதல் 1 ஆம்பியர் வரை மாற்றிக்கொள்ளக்கூடிய மின்னோட்ட வரம்புச் சுற்று ஒன்று செய்கிறேன். குமிழை (மாறுதடை) எந்தப் பக்கம் திருப்பினாலும் மீட்டர் 1.07 ஆம்பியரையே காட்டுகிறது. இணைப்புகளை எல்லாம் சரிபார்த்துவிட்டேன். அவசரம். என்ன தவறு?

ஈயப்பற்று:
எந்த ஆப்-ஆம்ப்? எந்த டிரான்சிஸ்டர்? எத்தனை வோல்ட்? சுமை என்ன? வரைபடம் இருந்தால் போடுங்கள்.

நள்ளிரவுப்பட்டறை:
டிரான்சிஸ்டர் போலியாக இருக்கும். மேலே அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் இப்படித்தான் ஆகும். முதலில் அதை மாற்றுங்கள்.

ஓம்காரன்:
"இணைப்புகளை எல்லாம் சரிபார்த்துவிட்டேன்" என்று தொடங்கும் இழைகளில் தவறு எப்போதும் இணைப்பில்தான் இருக்கும். கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு, தம்பி. உறுப்புகளின் பெயரைக்கூடச் சொல்லாமல் நோயைக் கண்டுபிடிக்க நாங்கள் குறி சொல்பவர்கள் அல்லர்.

சுருள்கம்பி:
மன்னிக்கவும். 12 வோல்ட் அடாப்டர். டிரான்சிஸ்டர் டிஐபி122. அதன் எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் (அடாப்டரின் மைனஸ்) நடுவே, மின்னோட்டத்தை அளக்க 0.22 ஓம் உணர்மின்தடை. சுமையாக 10 ஓம் பீங்கான் மின்தடை, 12 வோல்ட்டிலிருந்து கலெக்டருக்கு. ஆப்-ஆம்ப்பின் வெளியீடு 100 ஓம் வழியாக பேஸுக்குப் போகிறது. எமிட்டரிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு ஒரு கம்பி. குமிழின் நடுக்கால் பிளஸ் உள்ளீட்டில். எல்லோரும் போடும் சுற்றுதான். படம் இணைத்திருக்கிறேன்.

ஈயப்பற்று:
படத்தில் உங்கள் கட்டைவிரல் மட்டும் தெளிவாக இருக்கிறது. பரவாயில்லை, கணக்கே போதும். டிஐபி122 ஒரு டார்லிங்டன், அதாவது ஒன்றுக்குள் இரண்டு டிரான்சிஸ்டர். முழுதாகத் திறந்தாலும் அதில் ஏறக்குறைய 1 வோல்ட் போய்விடும். மீதி 11 வோல்ட், மொத்தத் தடை 10.22 ஓம். வகுத்துப் பாருங்கள், உங்கள் 1.07 வந்துவிடும். ஆக அது சுற்று நிர்ணயித்த மின்னோட்டமே இல்லை. டிரான்சிஸ்டர் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறது, சுமைதான் அளவைத் தீர்மானிக்கிறது. டிரான்சிஸ்டரைக் குறை சொல்லக் காரணம் இல்லை.

குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, ஆப்-ஆம்ப் வெளியீட்டில் எத்தனை வோல்ட் என்று அளந்து சொல்லுங்கள். ஆப்-ஆம்ப்பின் பெயரை இன்னும் சொல்லவில்லை.

பழையரேடியோ:
இதற்கு ஆப்-ஆம்ப் எதற்கு? எல்எம்317 என்ற வோல்ட்டேஜ் சீராக்கி ஐசி ஒன்று, மின்தடை ஒன்று. 1.25ஐ ஓமால் வகுத்தால் ஆம்பியர். வேலை முடிந்தது.

நள்ளிரவுப்பட்டறை:
மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறாரே ஐயா. 1 ஆம்பியருக்கு 1.25 ஓம், 0.1 ஆம்பியருக்கு 12.5 ஓம். முழு மின்னோட்டமும் அந்தக் குமிழ் வழியாகவே போகும். அதைத் தாங்கும் கம்பிச்சுற்றுக் குமிழுக்கு எங்கே போவார்? போதாததற்கு 3 வோல்ட் அளவுக்கு ஐசியும் மின்தடையுமே விழுங்கிவிடும். இரண்டு டிரான்சிஸ்டர் சுற்றுதான் எளிது. உணர்மின்தடையில் 0.65 வோல்ட் வந்ததும் இரண்டாவது டிரான்சிஸ்டர் முதலாவதின் பேஸை இழுத்துப் பிடித்துவிடும்.

ஓம்காரன்:
அந்த 0.65 ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெட்டிக்குள் 40 டிகிரி ஏறினால் உங்கள் வரம்பு 12 சதவீதம் இறங்கிவிடும். அதற்குப் பெயர் வரம்பா, வானிலை அறிக்கையா?

நள்ளிரவுப்பட்டறை:
சூடானால் வரம்பு குறைகிறது, ஏறவில்லையே. பாதுகாப்பு என்று பார்த்தால் நல்லதுதான்.

ஓம்காரன்:
தவறு நல்ல பக்கம் சாய்கிறது என்பதற்காக அது வடிவமைப்பு ஆகிவிடாது.

சுருள்கம்பி:
ஆப்-ஆம்ப் 741. வெளியீடு, அதாவது 6ஆம் காலில், 1.9 வோல்ட். குமிழ் பூஜ்யத்தில்தான் இருக்கிறது.

ஈயப்பற்று:
கிடைத்துவிட்டது. 7ஆம் காலுக்கு 12 வோல்ட், 4ஆம் காலுக்கு கிரவுண்ட் கொடுத்திருப்பீர்கள். அப்படி ஒற்றை மின்வழங்கியில் 741இன் வெளியீடு கிரவுண்ட் வரை இறங்காது. ஏறக்குறைய 2 வோல்ட்டிலேயே நின்றுவிடும். டார்லிங்டன் திறக்க 1.4 வோல்ட் போதும். எனவே ஆப்-ஆம்ப் "மூடு" என்று சொல்ல நினைத்தாலும் அதனால் சொல்ல முடியாது. உள்ளீட்டிலும் இதே சிக்கல். உணர்மின்தடையில் வருவது அதிகபட்சம் 0.22 வோல்ட், கிரவுண்டுக்கு அவ்வளவு அருகில் 741இன் உள்ளீடுகள் ஒழுங்காக வேலை செய்யா.

எல்எம்358 போடுங்கள். உள்ளீடு, வெளியீடு இரண்டும் கிரவுண்டை ஒட்டி இறங்கும். ஆனால் அதே இடத்தில் அப்படியே செருகிவிடாதீர்கள், கால்கள் வேறு: 1 வெளியீடு, 2 மைனஸ், 3 பிளஸ், 4 கிரவுண்ட், 8 மின்வழங்கி. பயன்படாத பாதியில் 6ஐயும் 7ஐயும் சேர்த்து, 5ஐ கிரவுண்டில் கட்டுங்கள். 4க்கும் 8க்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி.

பழையரேடியோ:
741ஐ இப்படித் தூற்ற வேண்டாம். 1968இல் ஃபேர்சைல்டு கொண்டுவந்தது. எத்தனை தலைமுறை அதில் படித்திருக்கிறது!

ஓம்காரன்:
அந்தத் தலைமுறைகள் எல்லாம் ±15 வோல்ட் இரட்டை மின்வழங்கியோடு படித்தன, ஐயா. ஆய்வகத்தில் அது மேசையிலேயே இருக்கும். வீட்டில் ஒற்றை அடாப்டரை வைத்துக்கொண்டு அதே ஐசியை எடுப்பதுதான் வினை. ஒரு கேள்வி, தம்பி: குமிழின் மேல்முனை எங்கே போகிறது?

சுருள்கம்பி:
12 வோல்ட்டுக்கு.

ஓம்காரன்:
நினைத்தேன். உங்களுக்குத் தேவை 0 முதல் 0.22 வோல்ட் வரை. குமிழ் தருவது 0 முதல் 12. அதாவது மொத்தச் சுழற்சியில் 2 சதவீதத்துக்குள் 1 ஆம்பியரும் முடிந்துவிடும். 358 போட்ட பிறகும் இங்கே வந்து அழுதிருப்பீர்கள்.

ஈயப்பற்று:
சொல்லும் விதத்தை விடுங்கள், விஷயம் சரி. அடாப்டர் வோல்ட்டேஜ் ஆடினால் வரம்பும் ஆடும் என்பது இன்னொரு குறை. 12 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோஓம் வழியாக ஒரு டிஎல்431 (நிலையான வோல்ட்டேஜ் தரும் ஐசி) வைத்து 2.5 வோல்ட் எடுங்கள். அதிலிருந்து 10 கிலோஓம், அதன் கீழே 1 கிலோஓம் குமிழ். முழுச் சுழற்சியில் 0.227 வோல்ட், அதாவது சுமார் 1.03 ஆம்பியர். 358இன் உள்ளீட்டுப் பிழை 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். அதனால் பூஜ்யத்தருகே 30 மில்லிஆம்பியர் முன்பின் இருந்தால் பதற வேண்டாம்.

0.22 ஓமை பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் உறுப்புகளைச் செருகும் பலகை) செருகாதீர்கள். தொடர்புத் தடையே கணக்கைக் கெடுத்துவிடும். ஈயம் வைத்துப் பற்றுங்கள். மைனஸ் உள்ளீட்டுக் கம்பி அந்த மின்தடையின் காலிலிருந்தே தொடங்கட்டும்.

நள்ளிரவுப்பட்டறை:
இருந்தாலும் அந்த டிரான்சிஸ்டரை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

சுருள்கம்பி:
358 போட்டேன். 431உம் போட்டேன். 0.02 முதல் 1.01 வரை சீராக ஏறுகிறது. நன்றி. டிரான்சிஸ்டரில் விரல் வைக்க முடியவில்லை, அது இயல்புதானே?

ஈயப்பற்று:
இல்லை! அரை ஆம்பியரில் சுமைக்கு 5 வோல்ட், டிரான்சிஸ்டருக்கு ஏறக்குறைய 7 வோல்ட். அதாவது 3.4 வாட். ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத டிஐபி122இல் ஒரு வாட்டுக்கு 62 டிகிரிக்கு மேல் ஏறும். பெருக்கிப் பாருங்கள், 150 டிகிரி எல்லையைத் தாண்டுகிறது. உடனே அணையுங்கள். நல்ல ஹீட்சிங்க் வாங்குங்கள். டிரான்சிஸ்டரின் உலோக முதுகு கலெக்டரோடு சேர்ந்தது, பெட்டியில் தொடுவதானால் நடுவே மைக்கா தகடு வையுங்கள். எதற்காக இந்தச் சுற்று?

சுருள்கம்பி:
பழுது பார்த்த போர்டுகளுக்கு முதல் தடவை மின்சாரம் கொடுக்க. ஷார்ட் இருந்தால் தடம் எரியக் கூடாது.

பழையரேடியோ:
அப்படியானால் ஷார்ட் ஆகும்போது 12 வாட்டும் டிரான்சிஸ்டர் தலையில்தான். ஹீட்சிங்கைப் பெரிதாகவே பாருங்கள்.

ஓம்காரன்:
ஹீட்சிங்கைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் வரம்பு கிரவுண்ட் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. போர்டின் மைனஸ் உங்கள் கலெக்டர். அது அடாப்டரின் மைனஸ் அல்ல. அந்த போர்டை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, கணினியும் அடாப்டரும் வேறு வழியில் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்தால், மின்னோட்டம் உங்கள் டிரான்சிஸ்டரைச் சுற்றிக்கொண்டு அந்த வழியே போய்விடும். வரம்பு இருந்தும் இல்லாதது போல. போர்டுகளைச் சோதிக்கும்போது கணினியோடு இணைப்பீர்களா?

சுருள்கம்பி:
ஆம், எல்லாவற்றையும்.

ஈயப்பற்று:
அப்படியானால் வரம்பை பிளஸ் பக்கம் கொண்டுபோக வேண்டும். அங்கே 358 உதவாது. அதன் உள்ளீடுகள் மின்வழங்கிக்குக் கீழே 1.5 வோல்ட் வரைதான் ஏறும். புது இழை தொடங்குங்கள். தெளிவான வரைபடத்தோடு.