மறுமொழி: மெத்தை நுரையின் ஐ.எல்.டி.க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். ஐ.எல்.டி. (indentation load deflection) என்பது நுரை எவ்வளவு கெட்டி அல்லது மெத்து என்பதைக் காட்டும் எண்.

> “கடினத்தன்மை” என்றே வைத்துவிடலாமே. எதற்குப் புதுச்சொல்?

அது போதாது என்று நினைக்கிறேன். நுரைத் தகடுகளை வாங்கி, வீட்டிலேயே அடுக்கி, ஜிப் வைத்த உறை போட்டுக் குறைந்த செலவில் மெத்தை செய்வதற்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதிக் குழப்பம் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

கடைக்குப் போனால் “முப்பத்திரண்டு டென்சிட்டி, நாற்பது டென்சிட்டி” என்கிறார்கள். நாற்பது என்றால் கெட்டி, முப்பத்திரண்டு என்றால் மெத்தென்று இருக்கும் என வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அந்த எண் ஒரு கனமீட்டர் நுரையின் எடை, கிலோவில். அவ்வளவுதான். சீக்கிரம் குழி விழாமல் உழைக்குமா என்பதற்கு அது ஓரளவு அடையாளம். படுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அல்ல. அதே 40 அடர்த்தியில் கை வைத்ததும் உள்ளே போகும் நுரையும் உண்டு, முட்டி போட்டாலும் அசையாத நுரையும் உண்டு. தயாரிக்கும்போது வேதிக் கலவையை மாற்றினால் இரண்டும் வரும். மெமரி ஃபோமைப் பாருங்கள்: அடர்த்தி 50, 60 என்று ஏறும், ஆனால் அழுத்தினால் விரல் பதிந்துவிடும்.

அடர்த்திக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல் இருக்கிறது. படுத்தால் எவ்வளவு கெட்டி என்ற இரண்டாவது அளவுக்குத்தான், அதாவது ஐ.எல்.டி.க்குத்தான், இல்லை. அதை அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லும் அதிலிருந்தே வரட்டும். 15 அங்குலச் சதுரமும் 4 அங்குலக் கனமும் உள்ள நுரைத்துண்டு. அதன்மேல் 50 சதுர அங்குலப் பரப்புள்ள வட்டத்தட்டு, அதாவது சுமார் 8 அங்குல விட்டம். நுரையின் கனத்தில் 25 சதவீதம், அதாவது ஓர் அங்குலம், தட்டு கீழே இறங்கும்வரை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்துவைக்கிறார்கள். அப்போது எத்தனை பவுண்டு விசை வேண்டியிருக்கிறதோ அதுவே ஐ.எல்.டி. சிலர் ஐ.எஃப்.டி. என்பார்கள், இரண்டும் ஒன்றே. ஐ.எஸ்.ஓ. எனும் பன்னாட்டுத் தர அமைப்பின் முறையில் 40 சதவீதம் அழுத்தி நியூட்டனில் சொல்வதும் உண்டு. ஆகவே இரண்டு தயாரிப்பாளர்களின் எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது.

இப்போது கடினத்தன்மைக்கு வருவோம். கனிமங்களின் மோஸ் அளவுகோலுக்கு அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், கிணற்றுத் தண்ணீருக்கும் அதேதான். கீறல் விழுமா என்பதும் சோப்பு நுரைக்குமா என்பதும் போதாதென்று மூன்றாவதாக மெத்தையையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். “விறைப்பு” பொறியியலில் பொதுவான பொருளில் வழங்குகிறது. அதோடு மெத்தை விளம்பரத்தில் விறைப்பு என்று போட்டால் சிரிப்பார்கள்.

என் பரிந்துரை: அமுங்குவிசை. எந்த வெப்பநிலையில் உருகுமோ அது உருகுநிலை. எந்த வேகத்தில் விடுபடுமோ அது விடுபடு வேகம். அதே வார்ப்பில், எவ்வளவு விசைக்கு அமுங்குமோ அது அமுங்குவிசை. அமுங்குவிசை 15 என்றால் மேலடுக்குக்கு ஏற்றது, 35 என்றால் அடியில் தாங்கும் அடுக்குக்கு.

செய்முறையும் சொல்லிலேயே இருக்கிறது. ஒட்டுப்பலகையில் 8 அங்குல வட்டம் வெட்டி, 4 அங்குல நுரைமேல் வைத்து, சரியாக ஓர் அங்குலம் இறங்கும்வரை எடைக்கற்களை ஏற்றுங்கள். பலகையின் எடையையும் சேர்த்துக் கிலோவை 2.2ஆல் பெருக்கினால் போதும். ஆய்வகத் துல்லியம் வராது, ஆனால் கடைக்காரரின் “மீடியம் சாஃப்ட்” என்ற பேச்சைவிட நம்பலாம்.

—

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, ஒரு தடை. நீங்கள் அழுத்தம் என்பதை நாங்கள் அமுக்கம் என்கிறோம். வளிமண்டல அமுக்கம், குருதி அமுக்கம் எல்லாம் எங்கள் பாடநூல்களில் உள்ளவை. உங்கள் சொல்லை எங்கள் மாணவர் பார்த்தால் அமுக்கத்தோடு முடிச்சுப் போடுவார்கள். ஆனால் இங்கே நீங்கள் அளப்பது விசையை, பரப்பால் வகுத்த விசையை அல்ல. ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் இரண்டுக்கும் தகைவு, திரிபு என்று நீங்களும் தகைப்பு, விகாரம் என்று நாங்களும் ஏற்கெனவே பிரிந்துதான் நிற்கிறோம். இன்னுமொன்று வேண்டாமே. (பவுண்டை இறாத்தல் என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் விளங்கும்.)

—

மெத்தைக் கடை நடத்தும் உறுப்பினர்:

சார், நீளமாக எதற்கு? வெறும் “அமுங்கல்” போதும். “இதுல அமுங்கல் எவ்வளவு?” என்று கேட்டால் எந்தத் தையல்காரருக்கும் புரியும்.

அடர்த்தி பற்றியும் ஒரு விஷயம். போர்டில் எழுதியிருப்பதை நம்பாமல் தராசில் வையுங்கள். 72க்கு 36, 5 அங்குலக் கனம், 32 டென்சிட்டி என்றால் ஏறக்குறைய 6.8 கிலோ வரவேண்டும். ஐந்து கிலோதான் வருகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 24கூட இல்லை. எடை சரியாக இருந்தாலும் விரலால் கசக்கிப் பாருங்கள். சுண்ணாம்புத்தூள் மாதிரி நிரப்பி கலந்து எடையை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், மாவாக உதிரும். ரீபாண்ட் பலகையில் எடை எப்போதும் அதிகம்தான். துண்டு நுரைகளை அழுத்தி ஒட்டியது அது, அடியில் போடலாம், மேலே போட்டால் இடுப்பு சொல்லும்.

அடுக்குகளை ஒட்டாதீர்கள். உறைக்குள் இருந்தாலே நகராது. மேலடுக்கு தளர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், ஒட்டியிருந்தால் மொத்தமும் போச்சு. லேடெக்ஸ் (ரப்பர் நுரை) வாங்கினால், இலவம்பஞ்சு மெத்தையைக் காயப்போடுகிற பழக்கத்தில் மொட்டைமாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெயில் பட்டால் ரப்பர் நொறுங்கிவிடும்.

—

மீண்டும் கையேட்டுக்காரர்:

தராசுக் கணக்கு அருமை, அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்.

“அமுங்கல்” காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: அமுங்கல் அதிகம் என்றால் மெத்தென்ற நுரை, ஐ.எல்.டி. அதிகம் என்றால் கெட்டி நுரை. எண் ஒரு பக்கம் ஏற, சொல் மறுபக்கம் இறங்கும். கடையில் பேசுவதற்கு அமுங்கல் இருக்கட்டும், அட்டவணையில் அது ஆளைக் கவிழ்த்துவிடும். விசை என்ற பின்னொட்டு அதற்காகத்தான்.

யாழ்ப்பாண நண்பரின் தடை கனமானது. அதனால்தான் அமுக்குவிசை என்று வைக்காமல் அமுங்குவிசை என்று வைத்தேன். அமுக்கு பிறவினை, அதிலிருந்து உங்கள் அமுக்கம். அமுங்கு தன்வினை, அது நுரைக்கு நேர்வது. எழுத்தில் ஒரு மெய்தான் வித்தியாசம், ஆனால் இங்கே அது வேலை செய்கிறது. உருகுநிலையை யாரும் உருக்குநிலை என்று எழுதுவதில்லை அல்லவா? இறாத்தலை அடைப்புக்குறிக்குள் தருகிறேன்.

இதோடு இன்னொன்று. கனத்தில் 65 சதவீதம் இறக்கத் தேவையான அமுங்குவிசையை 25 சதவீதம் இறக்கத் தேவையான அமுங்குவிசையால் வகுத்தால் வரும் எண், நுரை முதலில் இடம்கொடுத்துப் பிறகு தாங்குமா என்று காட்டும். சாதாரண பாலியூரித்தேன் நுரையில் அது 2ஐ ஒட்டி நிற்கும், எச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ், நன்றாக மீண்டெழும்) நுரையில் 2.4க்கு மேல். இதற்குத் “தாங்குவிகிதம்” என்று எழுதியிருக்கிறேன். தடை இருந்தால் சொல்லுங்கள்.

மெமரி ஃபோமுக்கு “நினைவு நுரை” என்று ஒருவர் அனுப்பியிருந்தார். எனக்கு “மெதுமீள் நுரை” பிடித்திருக்கிறது. 1966இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் அதை உருவாக்கியபோது, மெதுவாக மீண்டெழும் நுரை என்ற பொருளில்தான் முதல் பெயர் இருந்தது. நினைவு பிறகு ஒட்டிக்கொண்டது. சூடு பட்டால் இளகுவதும் குளிரில் இறுகுவதும் அதன் குணம். ஏ.சி. இல்லாத சென்னை அறையில் மே மாதம் அளந்த அமுங்குவிசை ஊட்டிக்குப் பொருந்தாது. எனவே இந்த நுரைக்கு மட்டும் எண்ணோடு வெப்பநிலையையும் குறிக்கச் சொல்லி எழுதுகிறேன்.

—

யாழ்ப்பாணத்திலிருந்து:

தன்வினை விளக்கம் சரி, தடையை விலக்கிக்கொள்கிறேன். அமுங்குவிசைக்குச் சம்மதம், மெதுமீள் நுரைக்கும் சம்மதம். தாங்குவிகிதம் மட்டும் இடறுகிறது: எதை எதனால் வகுத்தது என்று சொல்லில் தெரியவில்லை. “அமுங்குவிசை விகிதம்” என்று வைத்தால் என்ன?