புதுப்பிப்பு: அம்மம்மாவுடன் பார்க்க ஏற்ற அனிமே கிடைத்துவிட்டது

சண்டை இல்லாத, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கதை முடிகிற அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) ஒன்றை இங்கே கேட்டிருந்தேன். வசனங்களை அம்மம்மாவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டே பார்க்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பரிந்துரைத்த எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்ன ‘பரகமோன்’ (2014, 12 பகுதிகள்) முதலில். நகரத்து அழகெழுத்துக் கலைஞன் ஒருவன் ஜப்பானின் கோத்தோ தீவில் போய் வாழும் கதை. அயலவர்கள் கேளாமலே அவன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து, நெடுந்தீவில் பிறந்த அம்மம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் பேச்சு சரவெடி. நான் ஒரு வரி சொல்வதற்குள் மூன்று ஓடிவிடும்.

சரிவந்தது ஒரேயொருவர் சொன்ன ‘முஷிஷி’தான். 2005இல் தொடங்கிய 26 பகுதிகள். கிங்கோ என்பவன் ஊரூராகத் திரிந்து, முஷி எனும் விசித்திர உயிர்களால் வரும் தொல்லைகளைத் தீர்க்கிறான். பேச்சு குறைவு, மௌனம் அதிகம், ஆறுதலாக மொழிபெயர்க்கலாம். எந்தப் பகுதியிலிருந்தும் தொடங்கலாம்.

அம்மம்மா பயப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ, “பரியாரி கெட்டிக்காரன், புகைப்பதைத்தான் விடவேண்டும்” என்றார். அது முஷியை விரட்டும் புகை என்று விளக்கியும் ஒப்புக்கொள்ளவில்லை.

சில பகுதிகள் சோகமாகவே முடியும். படுக்கப்போகும் நேரத்தில் போடாதீர்கள். அடுத்து, 2014இல் வந்த அதன் தொடர்ச்சி.