ஸ்பெனிக் எண்: 'முப்பகா எண்' வேண்டாமே

ஐயா, வணக்கம்.

மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலனான ஸ்பெனிக் எண்ணுக்கு (sphenic number) நீங்கள் தமிழ்ப் பெயராக முன்வைத்த 'முப்பகா எண்' சொல்லச் சுருக்கமாக இருக்கிறது, ஆனாலும் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 × 2 × 3. மூன்று பகாக் காரணிகள்தான், ஆனால் 2 இருமுறை வந்துவிட்டது. நமக்கு வேண்டியது 30, 42 போல மூன்றும் வெவ்வேறாக உள்ள எண் மட்டுமே. அதைவிடப் பெரிய சிக்கல், இவை எல்லாமே பகு எண்கள். பகு எண்ணின் பெயரைப் 'பகா எண்' என்று முடித்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை என்னதான் நினைக்கும்?

இங்கே கிருஷ்ணகிரியில் ஊரின் அஞ்சல் குறியீட்டைப் பலகையில் எழுதித்தான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். 635001. இலக்கங்களின் கூடுதல் 15, எனவே 3-ஆல் வகுபடும். கிடைப்பது 211667. அதற்கு 7, 11, 13 எதுவும் ஒத்துவராது, 17 வகுக்கும். ஈவு 12451. இதற்குமேல் எதுவரை வகுத்துப் பார்ப்பது என்று பிள்ளைகள் திகைக்கும் இடம் இதுதான், நான் நின்று நிதானமாகச் சொல்வதும் இங்கேதான். 112-இன் வர்க்கம் 12544. அது 12451-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 109 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். ஒன்றுகூட மீதியின்றி வகுக்காது. ஆக 635001 = 3 × 17 × 12451, ஒன்றும் தானும் உட்பட மொத்தம் எட்டுக் காரணிகள்.

எட்டைப் பிடித்துக்கொண்டு 'எண்காரணி எண்' என்றும் வைக்க முடியாது. 24-க்கும் எட்டுக் காரணிகள் உண்டே! கிரேக்க மூலத்தின் பொருளை அப்படியே எடுத்து 'ஆப்பு எண்' என்றால் வரையறையைப் பற்றி அது எதுவுமே சொல்லாது.

சரி, உங்கள் தருமபுரியின் அஞ்சல் குறியீட்டுக்கு வருவோம். 636701 = 13 × 17 × 43 × 67. நான்கும் வேறு வேறு, காரணிகள் 16. (இரண்டு ஊர்க் குறியீடுகளின் மீப்பெரு பொதுக் காரணி 17 என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.) ஸ்பெனிக் என்ற பெயர் நான்குக்கு நீளாது. ஆனால் 'மூவேறு பகாப்பெருக்கம்' என்று வைத்தால் 'நால்வேறு பகாப்பெருக்கம்' தானாகவே வந்துவிடும். கணக்கின் நடுவே எழுத 'மூவேறெண்', 'நால்வேறெண்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

எண்ணிக்கை பெயரிலேயே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. 1832-இல் ஜெர்மன் கணிதவியலாளர் மோபியஸ் ஆராய்ந்த சார்பில், பகாக் காரணிகள் எல்லாம் வெவ்வேறாக இருந்து அவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் மதிப்பு −1, இரட்டைப்படையாக இருந்தால் +1. எனவே கிருஷ்ணகிரிக்கு −1, தருமபுரிக்கு +1. பெயரைக் கேட்டதுமே மாணவர் இதைச் சொல்லிவிடலாம். ஏதாவது ஒரு பகாக் காரணி திரும்ப வந்தால் மதிப்பு 0.

அப்படித் திரும்ப வராத எண்கள் அனைத்துக்கும் ஒரு பொதுப்பெயரையும் இப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. 'வர்க்கமில்லா எண்' என்று சிலர் எழுதுகிறார்கள். 'வர்க்கக் காரணியற்ற எண்' இன்னும் தெளிவு என்பது என் எண்ணம். 1 எல்லா எண்ணுக்கும் காரணி, அதுவும் வர்க்க எண் என்பதால் அதை மட்டும் வரையறையில் விலக்கிவிட வேண்டும். உங்களுக்கு இது சரிப்படுமா ஐயா?