புதுப்பிப்பு: ஹிகாஷி சாயாவுக்கு மறுபடியும் போனேன்

ஜப்பானின் கனசாவா நகரின் ஹிகாஷி சாயா தெருவில் நண்பகல் கூட்டத்தால் எதையுமே நின்று பார்க்க முடியவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். விடியற்காலையில் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. இன்று ஆறரை மணிக்கே அங்கே இருந்தேன்.

கெய்ஷாக்கள் (விருந்துகளில் கலை நிகழ்த்தும் பெண்கள்) ஆடிப் பாடும் தேநீர் விடுதிகளுக்காக 1820-இல் உருவான பகுதி இது. முகப்புகளில் கிமுசுகோ என்னும் மெல்லிய மரச்சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் வெளிப்பக்கம் அகன்று, உள்பக்கம் குறுகியிருக்கிறது. உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும்; தெருவில் நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. குனிந்து பக்கவாட்டில் பார்த்த பிறகுதான் அந்தத் தச்சு வேலையின் சூட்சுமம் பிடிபட்டது. எவ்வளவு அழகான யோசனை!

பார்வைக்குத் திறந்துவைத்திருக்கும் பழைய தேநீர் விடுதியான ஷிமா வீடு திறந்ததும் மாடி ஏறினேன். விருந்துக்கென்றே கட்டிய அறைகள்; சாமான் வைக்கும் அலமாரிகூடக் கிடையாது.

பக்கத்தில் தங்கத் தாள் ஒட்டிய ஐஸ்கிரீம் விற்கிறார்கள். ஜப்பானின் தங்கத் தாள் ஏறக்குறைய முழுவதும் இந்த ஊரில்தான் தயாராகிறது. கனம், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வாயருகே கொண்டுபோனதும் மூச்சுக்காற்றிலேயே ஓரம் படபடத்தது.

பத்து மணிக்குக் கூட்டம் வந்துவிட்டது. 2015-இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்ததிலிருந்து இப்படித்தானாம். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.