சிங்கிள்டனுக்கென்று ஒரே ஜெனரிக் கிளாஸ் எழுதிவைத்துக்கொள்ள வழி உண்டா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்காக சி ஷார்ப் மொழியில் ஒரு மென்பொருள் எழுதி வருகிறேன். எடைத்தராசோடு பேசும் கிளாஸ், கொழுப்பு பார்க்கும் மெஷினோடு பேசும் கிளாஸ், ரசீதுக்குரிய தமிழ், மலையாளச் சொற்களை ஏற்றித் தரும் கிளாஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரேயொரு ஆப்ஜெக்ட்தான் இருக்க வேண்டும் என்பதால், அதே சிங்கிள்டன் வரிகளை மூன்றிலும் நகலெடுத்து ஒட்டியிருந்தேன். பிறகு அவற்றை ஓரிடத்தில் சேர்க்க எண்ணி, டி என்னும் வகையை ஏற்கும் ஜெனரிக் அடிப்படைக் கிளாஸ் ஒன்றை எழுதி, டி-க்கு ‘நியூ’ நிபந்தனையும் விதித்தேன்.

அந்த நிபந்தனை இருந்தால், ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் பப்ளிக்காக, அதாவது வெளியிலிருந்தும் அழைக்கக்கூடியதாக, இருந்தே ஆக வேண்டும். அதனால் உடன் வேலை செய்பவர் வேறொரு பக்கத்தில் நேரடியாக நியூ போட்டு இரண்டாவது தராசு ஆப்ஜெக்டை உருவாக்கிவிட்டார். முதல் ஆப்ஜெக்ட் திறந்து வைத்திருந்த சீரியல் போர்ட்டை இரண்டாவது திறக்க முடியாமல், காலைப் பால் எடுக்கும் நேரத்தில், கேன்களோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது நிரல் நின்றுபோனது. கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட்டாக வைத்துக்கொண்டே இந்தப் பொதுக் கிளாஸை எழுத முடியுமா?

மறுமொழி 1 (குப்பத்திலிருந்து)

முடியும். ‘நியூ’ நிபந்தனையை எடுத்துவிட்டு, டி என்பது இதே அடிப்படைக் கிளாஸிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். ஆப்ஜெக்டை உருவாக்க ‘ஆக்டிவேட்டர்’ கிளாஸின் ‘கிரியேட் இன்ஸ்டன்ஸ்’ மெத்தடை அழைத்து, இரண்டாவது மதிப்பாக ‘ட்ரூ’ கொடுத்தால் பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரையும் அது இயக்கும். முதல்முறை கேட்கும்போதுதான் ஆப்ஜெக்டை உருவாக்கும் ‘லேஸி’ கிளாஸ் 2010-இல் டாட் நெட் 4-உடன் வந்தது. அந்த அழைப்பை அதற்குள் வைத்துவிட்டால், பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒன்றுதான் உருவாகும். நீங்கள் லாக் எழுத வேண்டியதில்லை. சி ஷார்ப்பில் ஒவ்வொரு டி-க்கும் ஸ்டாட்டிக் ஃபீல்டு தனித்தனியாக இருப்பதால், தராசும் சொற்கிடங்கும் கலந்துவிடாது. மதிப்பு எதுவும் கேட்காத கன்ஸ்ட்ரக்டரை எழுத மறந்தால் கம்பைலர் எச்சரிக்காது, ஓடும்போதுதான் பிழை தெரியும் என்பது இம்முறையின் விலை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உருவாக்கும்போது பிழை நேர்ந்தால், இவ்வகையில் எழுதிய ‘லேஸி’ அந்தப் பிழையையே நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அதையே திருப்பித் தரும். கன்ஸ்ட்ரக்டருக்குள் போர்ட்டைத் திறந்தீர்களானால், காலையில் கேபிள் செருகாமல் நிரலைத் தொடங்கிய ஒரே காரணத்தால், பிறகு செருகினாலும் நிரலை மூடித் திறக்கும்வரை தராசு கிடைக்காது. ஆகவே போர்ட்டைத் திறப்பதைத் தனி மெத்தடாக வையுங்கள்.

மறுமொழி 2 (வாளையாற்றிலிருந்து)

ஜாவாவில் இதே வழி செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே டி வகையில் ஸ்டாட்டிக் ஃபீல்டு வைக்கவே கம்பைலர் அனுமதிக்காது. ‘ஆப்ஜெக்ட்’ வகையில் வைத்தால் எல்லாக் கிளாஸ்களுக்கும் அந்த ஒரே ஃபீல்டுதான் இருக்கும். 2004-இல் ஜாவா 5-உடன் வந்த ‘ஈனம்’ (enum, மதிப்புகளை முன்பே பட்டியலிட்டு வைக்கும் வகை) கொண்டு தேவையான இடத்தில் தனியாக எழுதுவதே அங்கு எளிது.

மறுமொழி 3 (செங்கோட்டையிலிருந்து)

குப்பத்து நண்பர் சொன்னது சரியே. ஆனாலும் தராசை நான் சிங்கிள்டனாக வைக்க மாட்டேன். நாளை பால் வரத்து கூடி சொசைட்டி இரண்டாவது தராசு வாங்கினால், ஒன்றுதான் என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும். நிரல் தொடங்கும் இடத்தில் தராசு ஆப்ஜெக்டை ஒருமுறை உருவாக்கி, தேவைப்படும் கிளாஸ்களின் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்தால், தராசே இல்லாத வீட்டுக் கணினியிலும் போலித் தராசைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சொற்கிடங்கை மட்டும் புதிய ஜெனரிக் கிளாஸின் கீழ் வைத்துவிட்டு, தராசையும் கொழுப்பு மெஷினையும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுக்கும்படி மாற்றினேன். கேபிளைப் பிடுங்கிவிட்டு நிரலைத் தொடங்கி, பிறகு செருகிப் பார்த்தேன். மூடித் திறக்காமலே எடை வந்தது.