பெஜோ 205 ஜிடிஐ 1.9: பின் சில்லு மேலே உள்ளுக்குச் சாய்கிறது, கிறீச் சத்தமும் வருகிறது. உதவி தேவை

லியோன்_205:
வணக்கம். கார் 1990ஆம் ஆண்டு 205 ஜிடிஐ, 1.9 எஞ்சின். வலது பின் சில்லின் மேல்பக்கம் உள்ளுக்குச் சாய்ந்து நிற்கிறது, இடதோடு ஒப்பிட்டால் கண்ணாலேயே தெரிகிறது. ரயர் 185/55 ஆர்15. அதன் உள்விளிம்பு வழுக்கையாகிவிட்டது, வெளிப்பக்கத் தடம் இன்னும் ஆழமாகவே இருக்கிறது. வேகத்தடை ஏறும்போது பின்னுக்குக் கிறீச் என்று சத்தம். ரோர்சன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி) களைத்துவிட்டது, அதோடு சொக் அப்சோபரும் மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். சரியா? கொந்த்ரோல் டெக்னிக்குக்கு (பிரான்ஸின் கட்டாய வாகனப் பரிசோதனை) முன்னர் முடிக்க வேண்டும்.

பழையசில்லு:
இல்லைத் தம்பி, சொக் அப்சோபருக்குக் காசு கொடுக்காதீர்கள். 205இன் பின்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

குறுக்கே ஒரு தடித்த குழாய். அதன் இரண்டு முனையிலும் சில்லைத் தாங்கும் இரும்புக்கை ஒவ்வொன்று. கையோடு இறுக்கிய ஷாஃப்ட் குழாய்க்குள் போய் இரண்டு ஊசி பெயரிங்குகளில் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் உள்ள பெயரிங்) சுழல்கிறது. ரோர்சன் பார்கள் குழாய்க்கு முன்னுக்கும் பின்னுக்குமாக ஒவ்வொன்று. இந்தக் கை மேலும் கீழும் மட்டுமே அசையும். எவ்வளவு பாரம் ஏற்றினாலும், காரை எவ்வளவு தாழ்த்தினாலும், உடலோடு பார்க்கையில் சில்லின் சாய்வு மாறாது. ரோர்சன் பார் தளர்ந்தால் அந்தப் பக்கம் பதியும், அவ்வளவுதான். சில்லு சாயாது.

சாய்கிறது என்றால் ஷாஃப்ட் குழாய்க்குள் நேராக நிற்கவில்லை. தண்ணீரைத் தடுக்கும் வெளிச் சீல் கிழிந்து தண்ணீர் போயிருக்கும், ஊசிகள் கறள் பிடித்து அரைபட்டிருக்கும், பிறகு அவை ஷாஃப்டையே தின்னத் தொடங்கியிருக்கும். கிறீச் சத்தமும் அதுதான்.

வளைவுக்குள் அக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே ஓடப் பார்ப்பது இந்தக் காரின் சுபாவம். கையில் ஆட்டமும் சேர்ந்தால் எந்த நேரத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது. ஈர வீதியில் வேகமாக எடுக்காதீர்கள்.

மெக்கானிக்_93:
அண்ணா சொன்னது சரி. ஆனால் கழற்றுவதற்கு முன் சில்லு பெயரிங்கா, அச்சு பெயரிங்கா (கையின் ஷாஃப்ட் குழாய்க்குள் ஓடும் பெயரிங்) என்று பிரித்துப் பாருங்கள். காரை உயர்த்தி, உடலுக்குக் கீழே ஸ்ராண்ட் வையுங்கள், சில்லு தொங்கட்டும். ரயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். இன்னொருவர் கை குழாயைச் சந்திக்கும் இடைவெளியில் லைற் அடித்துப் பார்க்க வேண்டும். கை அசையாமல் சில்லு மட்டும் ஆடினால் சில்லு பெயரிங். கையே குழாயோடு ஆடி இடைவெளி திறந்து மூடினால் அச்சு. அந்த இடைவெளியில் சிவப்புத் தூள் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

லியோன்_205:
பார்த்தேன். கைதான் ஆடுகிறது, சிவப்புத் தூளும் இருக்கிறது. இடது பக்கம் ஆட்டம் இல்லை. வலதை மட்டும் செய்தால் போதுமா? பழைய கார் உடைக்கும் இடத்தில் 205 டீசலின் பின் அச்சு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதைப் பூட்டலாமா?

பழையசில்லு:
டீசல் அச்சு வேண்டாம். 1.9 ஜிடிஐக்குப் பின்னுக்கு டிஸ்க் பிறேக், அதில் டிரம். ரோர்சன் பாரும், வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் அன்ரிரோல் பாரும் ஜிடிஐயினுடையவை அல்ல. அதைவிட, அதே வயது அச்சுக்குள் அதே தண்ணீர்தான் போயிருக்கும்.

இரண்டு பக்கமும் செய்யுங்கள். அச்சை இறக்குவதுதான் பெரிய வேலை. இடதுக்கு அதிகமாகும் செலவு இரண்டு பெயரிங்கும் சீல்களும் மட்டும்.

இறக்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே ரோர்சன் பார் முனைகளிலும் 4 றப்பர் தாங்கிகளின் போல்ற்றுகளிலும் கறள் இளக்கும் எண்ணெய் அடித்து வாருங்கள். சொக் அப்சோபரின் கீழ்ப் போல்ற்றைக் கழற்றும்போது கைக்குக் கீழே ஜக் வைத்துத் தாங்குங்கள், இல்லாவிட்டால் கை சடாரென்று விழும். இரண்டு சொக்கும் வந்த பின், கை சும்மா தொங்கும் நிலையில், சொக்கின் மேல் துளையிலிருந்து கீழ்த் துளை வரை அளந்து எழுதி வையுங்கள். பிறகு உயரம் சரியாக வருவது இந்த அளவில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் வித்தியாசப்பட்டால் நல்ல பக்கத்தின் அளவை எடுங்கள்.

அச்சு கீழே வந்ததும் ரோர்சன் பார், கை, குழாய் மூன்றிலும் பொட்டுக் குத்தி அடையாளம் வையுங்கள். பாரின் முனையில் எம்8 மரை இருக்கிறது. அதில் இழுப்புச் சுத்தியலை (கம்பியில் ஓடும் எடையால் அடித்து வெளியே இழுக்கும் கருவி) முறுக்கி இழுக்க வேண்டும். வராவிட்டால் கையின் பல்லுள்ள பகுதியைச் சூடாக்குங்கள், பாரைச் சூடாக்காதீர்கள். அது பதப்படுத்திய உருக்கு, சூடு பட்டால் பலம் போய்விடும். இடது பார் வலதுக்குப் போகாது, கலந்துவிடாதீர்கள்.

கையை உருவியதும் ஷாஃப்டைத் துடைத்து, பெயரிங் ஓடிய இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் தடக்கினால் புது ஷாஃப்ட். அது கைக்குள் மிக இறுக்கமாக ஏற்றியது, வீட்டில் சுத்தியலால் முடியாது. பெரிய பிறெஸ் உள்ள லேத் வேலைக்காரரிடம் கொடுங்கள். பழைய ஷாஃப்டில் புது பெயரிங் பூட்டினால் சில மாதத்தில் இதே இழையில் திரும்ப எழுதுவீர்கள்.

மெக்கானிக்_93:
பெயரிங்கை உருவும் முன் அது குழாய் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். புதியது அதே ஆழத்துக்குப் போக வேண்டும். பெயரிங் இருந்த குழாயின் உட்சுவரையும் பாருங்கள். பெயரிங்கின் வெளிக்கூடு சுற்றிச் சுற்றி அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புதியது இறுக்கமாக நிற்காது, குழாயே மாற்ற வேண்டிவரும். ஷாஃப்ட் தேயும்போதே பிடித்தால் செலவு தாங்கும், குழாய் வரைக்கும் விட்டால்தான் தாங்காது.

லியோன்_205:
குழாயின் நடுவில் துளை போட்டுக் கிறீஸ் நிப்பிள் வைத்தால் இனி வராது என்கிறார்களே?

பழையசில்லு:
அந்தக் குழாய் நடுவில் வெறுமை. எவ்வளவு கிறீஸ் அடித்தாலும் முதலில் அந்த வெறுமைதான் நிறையும், பெயரிங்குக்குப் போகாது. நிறைந்த பின்னும் அடித்தால் அழுத்தம் சீலை வெளியே தள்ளும், பிறகு தண்ணீருக்குக் கதவு திறந்த மாதிரி. பூட்டும்போது தண்ணீர் தாங்கும் கிறீஸை ஊசிகளுக்கிடையில் விரலால் நன்றாக அழுத்தி நிரப்புங்கள். புது சீலின் உதட்டிலும் பூசுங்கள். அதுவே காணும்.

மெக்கானிக்_93:
நான் நிப்பிள் வைப்பேன், ஆனால் நடுவில் அல்ல: முனையில், இரண்டு பெயரிங்குக்கும் இடையில். வருடத்துக்கு ஒரு தரம் இரண்டு பம்ப், கையால் மட்டும். அண்ணா சொல்லும் ஆபத்து நடுக் குழாயில் வைப்பவர்களுக்கு உண்மைதான்.

திரும்பப் பூட்டும்போது ஒரு தட்டை இரும்பில், எழுதி வைத்த அளவுக்கு இரண்டு துளை போட்டு, சொக் இருந்த இடத்தில் பூட்டிக் கையை அந்த நிலையில் நிறுத்துங்கள். பாரின் பற்களில் செப்புக் கிறீஸ் பூசிச் செருகுங்கள். இரண்டு முனையிலும் பற்களின் எண்ணிக்கை வேறு. அதனால் ஒவ்வொரு பல்லாகச் சுழற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் இரண்டு முனையும் சேர்ந்து பொருந்தும். அடித்துத்தான் ஏற்ற வேண்டும் என்றால் இன்னும் பொருந்தவில்லை.

சொக் போல்ற்றுகளைக் கார் தன் சில்லில் நின்ற பிறகே முழுதாக இறுக்குங்கள், தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகிக் கிழியும். பிறேக் குழாய் கழற்றியதால் டொட் 4 பிறேக் எண்ணெய் ஊற்றிக் காற்று எடுக்க வேண்டும். அந்த உள்விளிம்பு தேய்ந்த ரயரையும் மாற்றிவிட்டே கொந்த்ரோலுக்குப் போங்கள்.