கோடிங் தெரியாம ஃபயர்பாக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்ல உதவ முடியுமா?

கேள்வி:
வணக்கம். மேனுவல் டெஸ்டிங்ல 1 வருஷம் ஆச்சு. ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை, தினமும் ஃபயர்பாக்ஸ்தான் யூஸ் பண்றேன், ஆனா உள்ள போய் பார்த்தா சி ப்ளஸ் ப்ளஸ், ரஸ்ட்னு இருக்கு, ரெண்டும் தெரியாது. பெர்ஃபார்மன்ஸ் பக்கம் எனக்கு வேலை இருக்கா? வீட்ல இருக்கிறது 4 ஜிபி ராம் பழைய லேப்டாப்.

பதில் 1:
தாராளமா இருக்குங்க. அந்த பழைய லேப்டாப்தான் உங்க பலமே, நல்ல மெஷின்ல கண்ணுக்கே தெரியாத இழுவை உங்ககிட்ட பளிச்னு தெரியும். பிரவுசர் எங்க நேரம் செலவழிக்குதுன்னு பதிவு பண்ற டூல் ஃபயர்பாக்ஸ் புரொஃபைலர், அதோட சைட்டுக்கு போய் பட்டனை டூல்பார்ல சேர்த்துக்கோங்க. ஒரு பேஜ் திக்குதுன்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் 1 அடிச்சு ரெக்கார்டிங் ஆரம்பிச்சு, திரும்ப திக்க வச்சு, உடனே கன்ட்ரோல் ஷிஃப்ட் 2 அடிங்க, புது டேப்ல கிராஃப் வரும். அது புரியலன்னாலும் பரவால்ல, அப்லோட் பண்ணி அந்த லிங்க்கை பக்ஸில்லால (ஃபயர்பாக்ஸ் பக் எல்லாம் பதியற சைட்) போடுற ரிப்போர்ட்ல சேர்த்துடுங்க. திறந்திருக்கிற சைட் அட்ரஸும் அதுக்குள்ள போகலாம், அதனால பேங்க், மெயில் டேப்லாம் முதல்ல மூடிடுங்க.

பதில் 2:
முன்னாடி வேகமா இருந்து இப்ப ஸ்லோ ஆயிருந்தா மோஸ்ரெக்ரஷன் ஓட்டுங்க, எந்த வெர்ஷன்ல கெட்டுச்சுன்னு தேடித் தர்ற டூல் அது. நல்லா இருந்த தேதி ஒண்ணு, கெட்டுப்போன தேதி ஒண்ணு குடுத்தா நடுவுல உள்ள நைட்லி பில்டை (தினமும் வர்ற சோதனை வெர்ஷன்) அதுவே இறக்கி திறக்கும், நீங்க பார்த்துட்டு குட்டா பேடான்னு சொல்லணும், அவ்ளோதான். ஒவ்வொரு தடவையும் பாதி பாதியா குறையறதால 1 வருஷ பில்டுன்னாலும் சுமார் 9 தடவைல ஒரு நாளுக்கு வந்துடும். எந்த மாற்றத்தால வந்துச்சுன்னு டெவலப்பர் தேடுற நேரம் நிறைய மிச்சம், என்னைக் கேட்டா புதுசா வர்றவங்க செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

பதில் 3:
ஒரே தடவை அளந்துட்டு நம்பர் எழுதாதீங்க ப்ளீஸ். நான் வேறொரு ப்ராஜெக்ட்டுக்கு அப்படி எழுதி, பின்னாடி சிஸ்டம் அப்டேட் ஓடிட்டு இருந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒருத்தர் 2 நாள் அதுக்கு செலவழிச்சிட்டார். சார்ஜர் மாட்டி, எக்ஸ்டென்ஷன் இல்லாத புது ஃபயர்பாக்ஸ் யூசர் புரொஃபைல்ல (உங்க செட்டிங், ஹிஸ்டரி எதுவும் இல்லாதது), 5 தடவையாவது ஓட்டி, சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கி நடு நம்பரை எடுங்க, மத்ததையும் அப்படியே எழுதிடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அதே பக் ஏற்கனவே யாராவது போட்டிருந்தா?

பதில் 1:
புதுசா போடாம அதுலயே உங்க புரொஃபைலர் ரெக்கார்டிங் லிங்க்கையும் ராம், ஓஎஸ் விவரத்தையும் சேருங்க. வெறும் எனக்கும் இருக்குன்னு எழுதினா அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.